அவன் வாயில் இவன் பாட்டு

நாஷ்வில்லிலிருந்து பாட்டுக் கம்பெனிக்காரர் முதல்முறை வீடியோவில் பேசியபோது கோல்பியைப் பார்த்துத்தான் பாராட்டினார். அந்தக் காலத்து ஆட்கள் பாடிய மாதிரி ஒரு குரல், இந்த வயசில் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கோல்பி ஸ்ட்ரிக்லண்டுக்குக் காது சிவந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாவெல் பிட்மனைக் கையால் காட்டி, பாடினது இவன், நான் ராப் மட்டும்தான் என்றான். திரையில் இருந்தவர் லாவெலை அப்போதுதான் பார்த்தார். பிறகு ரொம்ப சந்தோஷம், ரொம்ப சுவாரசியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பார்த்த வீடியோவில் முகமே கிடையாது. லாவெலின் பிஸ்கட் என்ற பெண்குதிரை ஒரு சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, கடலைக்காட்டு நடுவில் இருக்கிற மண்பாதையில் தன்பாட்டுக்கு வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. கோல்பி தன் டிரக்கில் அதன் பின்னாலேயே ஊர்ந்து போய்ப் போனில் படம் எடுத்தான். அந்தப் படத்தின் மேல் இருவரும் சேர்ந்து செய்த பாட்டை ஒட்டி விட்டார்கள். 'கேட்டைப் பூட்டாதே' என்று பாட்டுக்குப் பெயர். மெதுவாத்தான் வருவேன், கேட்டைப் பூட்டாதே என்று லாவெல் இழுத்து இழுத்துப் பாடுவான். நடுநடுவே கோல்பி மழை கொட்டுவது போல் ராப் கொட்டுவான். குதிரையின் பின்பக்கத்தையும் அதன் ஆடுகிற வாலையும் அத்தனை லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று இருவருமே நினைக்கவில்லை.

இருவரும் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கே பெல்லமி வட்டாரத்தில் பிறந்தவர்கள், ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள். லாவெல் கறுப்பர் வீட்டுப் பிள்ளை, கோல்பி வெள்ளைக்காரன். லாவெலின் அப்பா ஹோசியா வெள்ளைக்காரப் பண்ணையொன்றில் டிராக்டர் ஓட்டியவர். அந்த டிராக்டர் ரேடியோவில் ஒரே ஒரு நிலையம்தான் எடுக்கும். நாள் முழுக்கக் கன்ட்ரி பாட்டுத்தான், வெள்ளைக்காரர்களுடையது என்று எல்லோரும் நினைக்கிற நாட்டுப்புறப் பாட்டு. அவர் அதையே முனகிக்கொண்டு வீட்டுக்கு வருவார், முனகிக்கொண்டே தன் சொந்தக் குதிரைகளுக்குத் தீனி வைப்பார். லாவெலின் குரல் அங்கேதான் உருவானது. இது கறுப்பர் பாட்டா வெள்ளையர் பாட்டா என்று அவன் யோசித்ததே இல்லை. வீட்டில் இருந்தது, பாடினான். பஸ்ஸில் அவனுடைய இனத்துப் பையன்களே அவனை "ஏ வெள்ளச்சாமி" என்று கூப்பிட்டு ஓட்டினார்கள். கோல்பி கதை நேர் எதிர். காதில் எப்போதும் டவுன் கறுப்பர்களின் ராப். இந்த வீட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று அவன் அம்மாவின் இரண்டாவது புருஷன் அவன் டேப்பை எல்லாம் அடுப்பில் போட்டுக் கொளுத்தியிருக்கிறார். இரண்டு பேருமே பஸ்ஸின் கடைசி இருக்கைக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே சேர்ந்தவர்கள்தான்.

இப்போது லாவெல் கடலை மண்டியில் எடை போடுகிறவன். கோல்பி டிராக்டர் மெக்கானிக். சனிக்கிழமைகளில் ஹோசியாவின் குதிரைக் கொட்டகையில் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பாட்டுப் பதிவு செய்வார்கள். அது அவர்களுக்குச் சீட்டாட்டம் மாதிரி. ஊருக்கு அது தெரியாது.

கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியது. லாவெலின் மனைவி யோலாண்டா யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டலாம் என்றாள். நாளைக் கடத்தினால் அவர்கள் மனசு மாறிவிடுமோ என்று இவர்களுக்குப் பயம். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கடலை பிடுங்கி முடிந்து நிலமெல்லாம் சிவப்பாகக் காய்ந்து கிடந்த அக்டோபரில் படப்பிடிப்புக்காரர்கள் வந்தார்கள். ஹோசியாவின் நிலத்திலேயே எடுப்பதென்று ஏற்பாடு. இயக்குநர் பெய்ஜ் என்ற பெண். முப்பது வயசு இருக்கலாம். நல்ல பெண். வந்தவுடன் ஹோசியாவிடம் போய்க் கை கொடுத்து, குதிரைகளின் பெயரையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் கத்தி யாரும் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் மோசமானவளாக இருந்திருந்தால் தனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று பின்னாளில் லாவெல் நினைத்ததுண்டு.

லாவெல் அன்றைக்குப் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கறுப்பு கௌபாய் தொப்பியோடு பிஸ்கட்டைத் தேய்த்து மினுக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். பெய்ஜ் பார்த்து, ரொம்ப அழகா இருக்கீங்க என்றாள். பிறகு அவனை ஒரு வேனுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே அவனுக்கென்று முழங்கால் வரை தொங்கும் வெள்ளை ரோமக் கோட்டு ஒன்று, விரல் தடிமனில் தங்கநிறச் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி, ஒரு துளி மண்படாத வெள்ளை ஷூ எல்லாம் மாட்டி வைத்திருந்தார்கள்.

"நான் டவுன்ல இருந்ததே இல்லைங்க" என்றான் லாவெல்.

"தெரியும், லாவெல். இது நிஜத்தைப் பத்தின விஷயம் இல்ல. ரெண்டு உலகம் வந்து சந்திக்குது, அதான் கதை. நீங்க ரெண்டு பேரும் தொப்பி போட்டு நின்னா சந்திக்கிறதுக்கு என்ன இருக்கு?"

வேனில் இருந்த எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி தலையாட்டினார்கள். லாவெல் கோட்டைப் போட்டுக்கொண்டான். அக்டோபரிலும் அந்தப் பக்கம் வெயில் குறையாது; போட்ட மாத்திரத்தில் முதுகு ஊறத் தொடங்கியது. கோல்பிக்குப் புதுத் தொப்பி ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். அது கடையிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல் கண்ணை உறுத்துகிறது என்று பெய்ஜுக்குத் திருப்தி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தவள், வேன் படியில் லாவெல் கழற்றி வைத்திருந்த தொப்பியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்குக் கொடுக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் வாயசைப்பு விஷயம் வெளியே வந்தது. பாட்டு வரும் இடத்தில் கோல்பி வாயசைக்க வேண்டும், ராப் வரும் இடத்தில் லாவெல். பெய்ஜ் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கம்பெனியில் லாவெலின் படத்தோடு பாட்டைச் சில பேருக்குப் போட்டுக் காட்டினார்களாம். இந்த முகத்திலிருந்து அந்தக் குரல் வந்தால் பார்க்கிறவர்கள் குழம்பிப்போய் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்களாம். சத்தம் உங்கள் சத்தம்தான், பெயரும் இருக்கும், படத்துக்கு மட்டும்தான் இந்த மாற்றம் என்றாள்.

கோல்பி லாவெலைத் தீனிக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"நான் போயி முடியாதுன்னு சொல்லிரட்டுமாடா?"

"சொல்லு."

கோல்பி நகரவில்லை. லாவெலின் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"சொன்னா மூட்டையக் கட்டிட்டுப் போயிருவாங்கடா. நமக்கு முப்பத்தாறு ஆச்சு. இனிமே யாரு வந்து கேக்கப் போறா?"

"அப்புறம் எதுக்குடா என்னைக் கேட்ட?"

"நீ சரின்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

லாவெல் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அப்பா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, படப்பிடிப்பு ஆட்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதி பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் போவதைக் கற்பனை செய்து பார்த்தான். கற்பனையில்கூட அது சரியாக வரவில்லை. எறிந்துவிட்டுப் போனாலும் அதே நிலத்தில் இருக்கிற அதே வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

"சரி" என்றான்.

கோல்பிக்குக் குதிரை என்றாலே நடுக்கம். சின்ன வயசில் ஒன்று அவன் தோளைக் கடித்திருக்கிறது. நாலு பேர் சேர்ந்து அவனைப் பிஸ்கட் மேல் ஏற்றி வைத்தார்கள். அவன் பயம் தொடை வழியாக அதற்குத் தெரிந்துவிட்டது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே நகர்ந்தது. புகை இயந்திரம் வேறு. தலைக்கு மேல் ட்ரோன் வேறு வண்டாக ரீங்கரித்தது. ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டதும் முன்னங்காலைத் தூக்கிவிட்டது. கோல்பி அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். லாவெல் ஓடிப்போய் வாயருகே பிடித்து நிறுத்தினான். அவன் நிற்கிறவரை அது நின்றது. அவன் படத்திலிருந்து விலகினால் ஆடியது.

"உங்க சத்தத்துக்கு நிக்குமா?" என்று பெய்ஜ் கேட்டாள்.

பாடினால் நிற்கும் என்று ஹோசியா நாற்காலியிலிருந்தே சொன்னார். குட்டியிலிருந்து இவன் பாட்டைக் கேட்டு வளர்ந்தது என்றார். அவர் பெருமையாகச் சொன்னார். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியாது.

அப்படித்தான், வேடிக்கை பார்த்தவர்களையும் ஹோசியாவையும் சத்தம் கேட்காத தூரத்துக்கு அனுப்பிவிட்டு ஒலிபெருக்கியை அணைத்தார்கள். லாவெல் வெள்ளைக் கோட்டோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி, சாணிச் சேற்றில் குந்தினான். யாரோ கை காட்டினார்கள். பாடத் தொடங்கினான். பிஸ்கட்டின் ஒரு காது முதலில் இந்தப் பக்கம் திரும்பியது, பிறகு மற்றது. கழுத்து தளர்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அசையாமல் நின்றது. அதன் மேல் கோல்பி, லாவெலின் தொப்பியோடு, தூரத்தைப் பார்த்தபடி வாயசைத்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. லாவெல் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான், எந்த இடத்தில் கொஞ்சம் பிந்தி எடுப்பான் என்பதெல்லாம் உலகத்தில் கோல்பி அளவுக்குத் தெரிந்தவன் கிடையாது. மெதுவாத்தான் வருவேன் என்று இவன் தொட்டிக்குப் பின்னாலிருந்து இழுக்க, அங்கே அவன் தொண்டை நரம்பு புடைத்தது. ஐந்தாறு தடவை எடுத்தார்கள். ஐந்தாறு தடவையும் லாவெல் முழுசாகப் பாடினான். அரைகுறையாகப் பாடினால் குதிரைக்குத் தெரியும்.

முடிந்ததும் பெய்ஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, கோல்பி" என்றாள். கோல்பி தொட்டிப் பக்கம் பார்த்தான். லாவெல் எழுந்து வந்தபோது உடை பார்க்கிற பெண்மணி ஓடிவந்து கோட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, ஐயோ சேறு, என்று ஈரத்துணியால் தேய்க்க ஆரம்பித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் ராப் காட்சியை எடுத்தார்கள். சேற்றில் டிரக் ஓட்டிப் பந்தயம் விடுகிற உள்ளூர்ப் பையன்களைப் பின்னால் நிற்க வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு டிரக்கின் பின்னால் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் அந்தப் பழைய கொடி பறந்துகொண்டிருந்தது. லாவெல் அதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான். பெட்ரோல் பங்கில், அடுத்த வீட்டு வாசலில், எங்கும். ஆனால் அதன் முன்னால் நின்று கையை ஆட்ட அவனால் முடியாது. கோல்பியிடம் சொன்னான். கோல்பி பெய்ஜிடம் சொன்னான். பெய்ஜ் பதறிப்போய் உடனே எடுக்கச் சொன்னாள். டிரக்குக்காரனும் தகராறு செய்யாமல் சுருட்டி உள்ளே போட்டான். போட்டுவிட்டு, "பிரதர், உங்க மேல ஒண்ணும் இல்ல, அது சும்மா அழகுக்கு" என்றான்.

பிறகு லாவெல் கோல்பியின் ராப்புக்கு வாயசைத்தான். வரியெல்லாம் மனப்பாடம், அவன் கொட்டகையிலேயே பிறந்த வரிகள்தானே. கையை இப்படி வீசுங்க, தோளை இன்னும் கொஞ்சம் என்று ஒருவன் சொல்லிக்கொடுத்தான். நாற்பது மைல் சுற்றளவில் அப்படிக் கை வீசுகிற ஆளை லாவெல் பார்த்ததில்லை, கோல்பியைத் தவிர.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விடுமுறைக்கு முன்னால் வீடியோ வெளியானது. ஹோசியா வீட்டுக் கூடத்தில் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தார்கள். யோலாண்டா பொரித்த கோழியும் கீரையும் செய்து கொண்டுவந்திருந்தாள். பாட்டுத் தொடங்கியதும் ஹோசியா முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"உன் குரல் கேக்குது. நீ எங்கடா?"

"இனிமேதான் வருவேன்பா."

வந்தான். டிரக் பக்கத்தில், வெள்ளைக் கோட்டும் சங்கிலியுமாக, கையை வீசிக்கொண்டு. அதோ, என்றான் லாவெல். ஹோசியா பார்த்தார். அந்தக் காட்சி போய் மறுபடி பிஸ்கட் வந்தது, புகைக்கு நடுவே, தங்க வெளிச்சத்தில், அதன் மேல் கோல்பி. பாட்டு முடிந்ததும் ஹோசியா எழுந்து, குதிரைக்குத் தண்ணி வைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் காலையிலேயே லாவெல் நிரப்பிவிட்டிருந்தான்.

யோலாண்டாதான் வீடியோவை மறுபடி ஓட்டி ஒரு இடத்தில் நிறுத்தினாள். ட்ரோனிலிருந்து எடுத்த காட்சி. கொடியைச் சுருட்டுவதற்கு முன்னால் எடுத்தது போலிருக்கிறது. சின்னதாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. அதற்குப் பத்தடி தள்ளி லாவெல் வெள்ளைக் கோட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"நீ எடுக்கச் சொன்னேன்னுதானே சொன்ன?" என்றாள்.

"சொன்னேன். எடுத்தாங்க."

"பின்ன இது என்ன?"

லாவெல் போனை எடுத்தான். பெய்ஜுக்குச் செய்தி அனுப்பினான். எடிட்டிங்கில் யார் கண்ணிலும் படவில்லை, மிகவும் வருந்துகிறேன், ஆனால் இனி மாற்ற முடியாது, எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்று நீளமாக எழுதியிருந்தாள். நல்ல பெண் என்று சொன்னேனே.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் அதன் கீழே ஜனங்கள் எழுதியதைப் படித்துத்தான் லாவெலுக்குச் சோறு இறங்கவில்லை. கோல்பியின் குரலில் மண்வாசனை இருக்கிறது என்றார்கள், தன் அப்பாவின் ஞாபகம் வந்து அழுததாக ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொரு கூட்டம், நடுவில் அந்த ராப்காரன் வராமல் இருந்தால் எவ்வளவு நல்ல பாட்டு, கன்ட்ரியைக் கெடுக்கவே இவர்கள் வருகிறார்கள் என்று திட்டியது. கோல்பி போன் செய்தான். அந்தத் திட்டெல்லாம் தன் ராப்புக்கு விழுந்த திட்டு, தன் வாழ்க்கையிலேயே நன்றாக எழுதிய வரிகள் அவை என்று புலம்பினான். லாவெலுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. பாராட்டு அவன் கணக்கில், திட்டு தன் முகத்தில். அதற்கு அவன் அழுகிறான். ஆனால் அவன் அழுததும் உண்மைதான்.

சர்ச்சில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. லாவெல் அங்கே பதினைந்து வருஷமாகப் பாடுகிறவன். ஆராதனை முடிந்து பாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். அந்தக் கொடிக்குப் பக்கத்தில் நின்று ஆடிய ஆளைப் பாட விடலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்பதாகச் சொன்னார். அவர்களில் ஒருவருடைய தாத்தாவை அந்தக் கொடி பிடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று லாவெலுக்கும் தெரியும்.

"எனக்கு உங்களைப் பத்தித் தெரியும், பிரதர் பிட்மன். பேச்சு அடங்கட்டும். கொஞ்ச நாள் பெஞ்சுல உக்காருங்க."

நடந்ததை லாவெல் விளக்கினான். கொடியை எடுக்கச் சொன்னது, பழைய காட்சி சேர்ந்துபோனது, எல்லாம். சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது சாக்குப் போலத்தான் கேட்டது. பாஸ்டர் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். மறு வாரத்திலிருந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

வட்டாரக் கண்காட்சியில் இருவரையும் மேடை ஏறச் சொல்லி அழைப்பு வந்தது. யோலாண்டாவுக்கு அதில் ஒரு நம்பிக்கை. மேடையில் நேரடியாகத்தானே பாட வேண்டும், வாயைத் திறந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றாள். "நீ பாட்டுக்குப் பாடு. பத்து நிமிஷத்துல எல்லாம் சரியாயிரும்" என்றாள். லாவெலும் அந்த வாரம் முழுக்க மண்டியில் கடலை எடை போட்டுக்கொண்டே தொண்டையைப் பதப்படுத்தினான்.

மேடைக்குப் பின்னால் அதே வெள்ளைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பதிவு செய்த பாட்டு ஓடும், நீங்கள் வாயசைத்தால் போதும் என்று கம்பெனி ஆள் சொன்னான். பாடியே தீர்வது என்று லாவெல் மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டான்.

ராட்டினங்களும் கன்றுக்குட்டிப் போட்டியும் அப்படியே நிற்க, ஊரே மேடை முன்னால் கூடிவிட்டது. இசை தொடங்கியது. பாட்டின் இடம் வந்ததும் லாவெல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்து, உண்மையாகவே பாடினான். மைக்கில் உயிர் இல்லை. ஒலிபெருக்கியில் அவன் குரலே பெரிதாக வந்துகொண்டிருந்தது, ஆறு மாதத்துக்கு முந்தைய அவன் குரல், கோல்பியின் வாய்க்கு ஏற்றபடி. அதற்கு அடியில் அவன் பாடுவது அவனுக்கே கேட்கவில்லை. இன்னும் கத்தினான். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் அவன் வாயையும் கோல்பி வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கோல்பிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் கெஞ்சினான், நிறுத்து என்று கெஞ்சினானா, மன்னித்துவிடு என்று கெஞ்சினானா என்று சொல்ல முடியாது. வாயசைப்பதை மட்டும் விடவில்லை.

பிறகு ராப் வந்தது. கூட்டம் முழுவதும் லாவெலை நோக்கிக் கை நீட்டியது. நண்பர்கள், மண்டியில் கூட வேலை செய்கிறவர்கள், தெரியாதவர்கள், எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அவனை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் தோள் தானாக அசைந்தது, கை வீசியது, வாய் கோல்பியின் வரிகளுக்கு அசையத் தொடங்கியது. கூட்டம் கைதட்டிக் குதித்தது. யோலாண்டா ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் திரும்பும்போது அவன் கை மேல் கை வைத்துக்கொண்டாள்.

ஜனவரியில் கோல்பி வீட்டுக்கே வந்தான். உள்ளே வராமல் டிரக்கில் சாய்ந்து நின்றான். அடுத்த பாட்டு பதிவாகிவிட்டது என்றான்.

"எப்ப? என்னைக் கூப்பிடவே இல்ல."

"டென்னசியில ஒரு ஆளப் பிடிச்சிருக்காங்கடா. வெள்ளக்காரன். உன் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியிருக்கான். எனக்கே ஒரு நிமிஷம் நீதான்னு தோணுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது?"

லாவெல் அவனை அடிக்கலாம் என்று நினைத்தான். ராப் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டான்.

"ராப் வேண்டாம்னுட்டாங்க. நான் சும்மா நின்னு வாயசைக்கணும்."

சொல்லிவிட்டு கோல்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ்ஸின் கடைசி இருக்கையில் டேப் எரிந்த கதையைச் சொன்னபோது இருந்த அதே முகம். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது. லாவெல் உள்ளே போய் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தான். நின்றபடியே குடித்தார்கள். அதற்குப் பிறகு கோல்பி வருவது குறைந்து, மெல்ல நின்றுபோனது. சண்டை என்று ஒன்றும் இல்லை.

வசந்தத்தில் கறுப்பினக் குதிரைக்காரர்கள் மூன்று வட்டாரங்களிலிருந்து கூடி ஊர்வலம் போவார்கள். அந்த வருஷமும் போனார்கள். மத்தியானம் பெக்கான் மரங்களுக்கு அடியில் குதிரைகளைக் கட்டி, மீன் பொரித்துச் சாப்பிட்டார்கள். பழைய பழக்கத்தில் யாரோ லாவெலைப் பாடச் சொன்னார்கள். மாதக்கணக்கில் பாடாத தொண்டை. பிஸ்கட்டின் மேல் உட்கார்ந்தபடியே அந்தப் பாட்டைத்தான் எடுத்தான். வேறு எதுவும் வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். அவன் அப்பா காலத்து ஆள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேக்கன் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒருவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணே, நீங்க அந்தக் கோட்டுப் போட்ட ராப்காரருதானே? அடேங்கப்பா, அந்த வெள்ளக்காரப் பையன் மாதிரியே பாடுறீங்களே. கண்ண மூடினா அவனேதான்."

"பாடினதே நான்தான், தம்பி."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். லாவெல் ஜோக் அடிக்கிறான் என்று நினைத்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் நிஜம்தான் என்று சொன்னார்கள். ஆளுக்கொரு விதமாய், சேர்ந்து சொன்னதால் அதுவும் கேலி போலத்தான் ஆனது. இன்னொரு தடவை பாடுங்கண்ணே, எடுத்துக்கறேன், என்று போனைத் தூக்கிப் பிடித்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியாது என்றால் கோபக்காரன் என்பார்கள். லாவெல் பாடினான். குதிரை நின்றது. நல்ல வெயில், நல்ல வெளிச்சம். மூச்சு எல்லாம் சரியாக விழுந்தது.

அந்த வீடியோவை யோலாண்டாதான் மறுநாள் காட்டினாள். குதிரைமேல் உட்கார்ந்து லாவெல் பாடுவது முழுசாக இருந்தது. 'கோல்பியின் குரலில் பாடி அசத்தும் ராப்பர்' என்று அந்த மேக்கன்காரன் தலைப்புப் போட்டிருந்தான். கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். நல்ல முயற்சி, ஆனால் அசல் அசல்தான் என்றது ஒன்று. தொண்ணூறு சதவீதம் வந்துவிட்டது, அந்த ஏக்கம் மட்டும் வரவில்லை என்றது இன்னொன்று.

லாவெல் அவள் போனை வாங்கினான். அவனுக்கு எழுதிப் பழக்கமில்லை. ஒற்றை விரலால், தப்பு வந்த இடத்தைத் திருத்தித் திருத்தி, இந்தப் பாட்டை முதலில் பாடியது நான்தான், என் பெயர் லாவெல் பிட்மன் என்று எழுதி அனுப்பினான். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சற்று நேரத்தில் யாரோ ஒருவர் அதற்குக் கீழே சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டார். அதற்குப் பிறகு பலர் போட்டார்கள்.